ஒர்னெல்லா சீட்டைக் கவிழ்த்த ஞாயிறு

என் மனைவி ஒர்னெல்லா எங்கள் ஊரில் பாதிப் பேரை ஃபெயிலாக்கியவள். கனடாவின் சூ செயின்ட் மேரியில் ஓட்டுநர் தேர்வு எடுப்பது அவள் வேலை. பல் மருத்துவர், பாதிரியார், ஹாக்கிப் பயிற்சியாளர் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. சொந்தத் தம்பி ஆல்டோவை இரண்டு முறை ஃபெயிலாக்கினாள். இரண்டாவது முறை அவன் கண் கலங்கிவிட்டான். "அழுறதா இருந்தா வண்டிய ஓரமா நிறுத்திட்டு அழு. அதுக்கும் சிக்னல் போடணும்" என்றாளாம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பயம் ஊரை விட்டுப் போகவில்லை. மளிகைக் கடையில் தள்ளுவண்டியோடு வருகிறவர்கள் அவளைக் கண்டால், திரும்புமுன் ஒரு தடவை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படி யாருக்கும் 'முடியாது' என்று சொல்லத் தயங்காதவளுக்கு, சீட்டில் மட்டும் அந்தச் சொல் வராது.

நாங்கள் ஆடுவது போக்கர். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. அந்த ஐந்தும் ஒரேயடியாக விழாது. கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பந்தயம் ஏறும். எதிராளி கட்டியதற்குச் சமமாகக் கட்டினால் ஆட்டத்தில் இருக்கலாம். முடியாதென்று தோன்றினால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். கவிழ்த்தால் எதிராளி கையில் என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியாது. இந்தக் கடைசி விதிதான் ஒர்னெல்லாவுக்கு எமன். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே கட்டுவாள்.

"ஏன்டி கட்டினே? அவன்கிட்ட பெரிசா இருக்குன்னு எனக்கே தெரிஞ்சுதே."

"எனக்கும் தெரிஞ்சுது. ஆனா என்ன பெரிசுன்னு தெரியலையே!"

பெரிய பணம் எதுவும் இல்லை, சில்லறைதான். ஆனால் இதே குணத்தால் அவள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவையே தோற்றிருந்தாள்.

அந்த இரவு எங்கள் இத்தாலியக் குடும்பத்தில் மாமியார் வீட்டில் நடக்கும். இறைச்சி கிடையாது, மீன் மட்டும். கீழ்த்தளச் சமையலறையில் காலையிலிருந்து எண்ணெய் கொதிக்கும். மாமியார் இறந்த வருடம், இனி அது யார் வீட்டில் என்று கேள்வி வந்தது. மூத்தவள் நான்தானே என்றாள் ஒர்னெல்லா. அம்மாவின் பெரிய பாத்திரமெல்லாம் என்னிடம்தானே இருக்கிறது என்றான் ஆல்டோ. பேச்சு முற்றி இருவரும் ஃபோனை வைத்துவிட்டார்கள். சட்பரியில் இருக்கும் மாமன் மகன் நீனோதான் வழி சொன்னான்.

"சண்டை போடாதீங்க. சீட்டாடித் தீர்த்துக்கலாம். நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஆன்லைன்ல உக்காருவோம். ஜெயிக்கிறவங்க வீட்டுல சாப்பாடு."

நீனோ விளையாட்டாகச் சொன்னதை இவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள். முதல் வருடமே கடைசியில் மிஞ்சியது அக்காவும் தம்பியும். அவள் கையில் ஏழு ஜோடி, அதாவது இரண்டு ஏழு; மேசை முழுக்கப் பெரிய படங்கள். ஆல்டோ தன் பந்தயக் காய் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினான். கவிழ்த்திருந்தால் அவளிடம் இன்னும் நிறையக் காய் மிஞ்சியிருக்கும். "தோத்துடுவேன்னு தெரியும்டா" என்று சொல்லிக்கொண்டே கட்டினாள். அவன் ராணி ஜோடியைக் காட்டினான். பெரிய பாத்திரம், மீன் இரவு, மூத்தவள் என்ற உரிமை எல்லாம் ஒரே அழுத்தில் ஆல்டோ வீட்டுக்குப் போய்விட்டன. அதன் பிறகு ஒவ்வொரு நவம்பரும் அவனே ஜெயித்தான். ஒவ்வொரு முறையும் வழியில் எங்காவது அக்காவின் காய் அவன் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆல்டோ நல்லவன். எஃகு ஆலையில் கிரேன் ஓட்டியவன். ஆனால் உப்பிட்டுக் காயவைத்த காட் மீனை, அதுதான் பக்கலாவை, அவன் சமைக்கும் விதம் கிரேன் ஓட்டுகிறவனின் சமையல். மதியமே அடுப்பில் ஏற்றிவிடுவான். நாங்கள் சாப்பிட உட்காரும்போது இருட்டி வெகுநேரம் ஆகியிருக்கும். ஒரு துண்டை வாயில் போட்டால் நள்ளிரவுப் பூசைக்கு மணி அடிக்கும்வரை மென்றுகொண்டிருக்கலாம். நீனோ ஒருமுறை ஒரு துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோய்த் தன் வீட்டு நாய்க்குப் போட்டான். நாய் அதைத் தோட்டத்தில் புதைத்துவிட்டது.

நான்காவது வருடம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, ஒர்னெல்லாதான் காரை ஓட்டினாள். வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சொன்னாள்.

"போதும். கத்துக்கப் போறேன்."

"மீன் சமைக்கவா?"

"மீன் எனக்குத் தெரியும். கவுக்கக் கத்துக்கப் போறேன்."

ஜனவரியில் கணினியில் ஒரு கணக்குத் தொடங்கினாள். மிகச் சிறிய மேசைகள். ஒரு சென்ட், இரண்டு சென்ட் பந்தயம். ஆட்டப் பெயர் 'ரிவர்ஸ் பார்க்கிங்'. அந்த மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் காட்டுப் பெரிய மானின் பெயரில் 'கிழட்டு மூஸ்' என்று ஒருவன், 'அம்மா வீட்டுச் சோஃபா' என்று ஒருவன். பக்கத்தில் அரட்டைப் பெட்டி வேறு. முதல் வாரமே அவளைப் பற்றிப் பேச்சுக் கிளம்பிவிட்டது.

"ரிவர்ஸ் பார்க்கிங், உனக்குக் கவுக்குற பட்டன் வேலை செய்யலையா?" என்று சோஃபாக்காரன் எழுதினான்.

"செய்யுது. நீ என்ன வச்சிருக்கேன்னு பாக்கணும்" என்று இவளும் எழுதினாள்.

"கேட்டா சொல்லியிருப்பேனே. இப்படி எனக்குத் தீபாவளி கொண்டாடணுமா?" என்று மூஸ் எழுதியதாக என்னிடம் வாசித்துக் காட்டினாள். தீபாவளி என்று அவன் எழுதியிருக்க மாட்டான். நான்தான் உங்களுக்காக மாற்றிச் சொல்கிறேன். அர்த்தம் அதுதான்.

பழக்கத்தை உடைக்க அவள் கண்டுபிடித்த முதல் வழி நான். எனக்குப் போக்கர் அவ்வளவாக வராது. குடும்ப ஆட்டத்தில் முதலில் வெளியேறுவது எப்போதும் நான்தான். அதனாலேயே நான் தகுதியானவன் என்றாள். கட்டலாமா என்று கை பரபரக்கும்போது பக்கத்து அறையிலிருந்து "எலியோ!" என்று கத்துவாள். நான் இருந்த இடத்திலிருந்தே "வேண்டாம்!" என்று கத்த வேண்டும். சீட்டைப் பார்க்கக் கூடாது, யோசிக்கக் கூடாது. காபி போட்டுக்கொண்டும் கத்தினேன். ஷூ லேஸ் கட்டிக்கொண்டும் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் என்னிடம் ரகசியமாக, "ஒர்னெல்லா உங்ககிட்ட அப்படி என்னதான் கேக்குறா?" என்றாள்.

பிப்ரவரியில் ஒருநாள் வழக்கம்போல் "எலியோ!" என்றாள். "வேண்டாம்!" என்றேன். பிறகு வாசற்படியில் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"நாலு ராணிடா வச்சிருந்தேன். நாலு!"

"அப்புறம் ஏன் என்னைக் கூப்பிட்டே?"

"சந்தோஷத்துல கூப்பிட்டேன்!"

அன்றோடு எனக்கு வேலை போயிற்று. ஆனால் அந்த நாலு ராணியையும் அவள் கவிழ்த்துவிட்டாள் என்பதைக் கவனியுங்கள். ஜனவரியில் இது நடந்திருக்காது.

இரண்டாவது வழி, அவளுக்குத் தெரிந்த வழி. ஒவ்வொரு நாள் ஆட்டம் முடிந்ததும் தோற்ற ஆட்டங்களைத் திரும்ப ஓடவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பரிசோதகராகித் தன்னையே திட்டிக்கொள்வாள். "கண்ணாடி பார்க்காம உள்ள நுழைஞ்சிருக்கே. உனக்குப் பின்னாடி இன்னும் நாலு பேர் பேச வேண்டியிருக்கு. அவங்க என்ன பண்ணுவாங்கன்னு தெரியாம ஏழும் ரெண்டும்னு மட்டமான சீட்டை வச்சுக்கிட்டு எங்க போறே? ஃபெயில்." கடைசியாகப் பேசும், அதாவது கட்டுவதா கவிழ்ப்பதா என்று சொல்லும், இடம் கிடைத்தால் கொஞ்சம் தைரியமாக ஆடலாம், முதலில் பேசும் இடமென்றால் நல்ல சீட்டு மட்டும்தான் ஆட வேண்டும். இதை நாற்சந்தியில் யார் முதலில் போவது என்ற கணக்காகப் புரிந்துகொண்டாள். ஒரு சுற்றுக்கு ஒரு கை என்றால், மார்ச் மாதத்துக்குள் பத்துக் கையில் எட்டைத் தொடக்கத்திலேயே கவிழ்க்கப் பழகிவிட்டாள். அலுப்பாக இருக்கிறது என்றாள். அலுப்பாக இருந்தால் சரியாக ஆடுகிறோம் என்று அர்த்தமாம்.

அதற்குள் ஒரு வினை. இணையத்தில் வீடியோ போடும் ஒரு பையன், பூச்சாண்டி காட்டினால் எந்த ஆட்டத்தையும் ஜெயிக்கலாம் என்று சொல்லியிருக்கிறான். கையில் ஒன்றும் இல்லாமலே பெரிதாகக் கட்டு, எதிராளி பயந்து கவிழ்த்துவிடுவான். ஒர்னெல்லாவுக்குக் கண் விரிந்தது. அன்று மாலை கிழட்டு மூஸ் மேல் அதைப் பரீட்சித்தாள். மூஸ் பயப்படவில்லை. கட்டினான். இன்னும் பெரிதாகப் பூச்சாண்டி காட்டினாள். மறுபடியும் கட்டினான். கடைசிச் சீட்டில் மிச்சமெல்லாம் தள்ளினாள். அதற்கும் கட்டிவிட்டு, நாலு ஜோடியைக் காட்டினான். வெறும் நாலு.

"இதை வச்சுக்கிட்டா கட்டினே?" என்று எழுதினாள்.

"நீ என்ன வச்சிருக்கேன்னு பாக்கணும்ல" என்று மூஸ் எழுதினான்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலியோ, இவன் நான்தான்."

"என்னது?"

"நாலு வருஷமா ஆல்டோ பாத்துக்கிட்டு இருந்த ஆள் இதுதான். இந்த ஆளுக்குப் பயம் காட்ட முடியாது. காட்டவும் தேவையில்ல. நல்ல சீட்டு வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருந்து, வந்ததும் பெருசாக் கட்டினாப் போதும். அதுவா வந்து பணம் குடுத்துட்டுப் போகும். என் தம்பி பெரிய ஆட்டக்காரன் இல்ல. நான் கேட்டுக்கேட்டுப் பணம் குடுத்திருக்கேன்."

அன்றிலிருந்து சின்ன மேசைகளில் அவள் பூச்சாண்டி காட்டவே இல்லை. நல்ல சீட்டு வந்தால் கூச்சமில்லாமல் கட்டினாள். மற்றவர்கள் என்ன இருக்கிறதென்று பார்க்க வந்தார்கள். கோடைக்குள், அவளுடைய கணக்கில் முதலில் போட்ட பணம் கொஞ்சம் பெருத்திருந்தது. ஒரு சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. ஆனாலும் என்னை அழைத்துக் காட்டினாள்.

இனி ஆல்டோ. நவம்பர் ஆட்டம் தவிர, சாதாரண ஞாயிறுகளிலும் குடும்பம் சில்லறைக்கு ஆடும். ஆட்டத்தோடு வீடியோ அழைப்பும் திறந்திருக்கும். ஆல்டோவின் கேமரா அவன் நெற்றியையும் சமையலறைக் கூரையையும் காட்டும். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் ஞாயிற்றுக்கிழமைத் தக்காளிச் சாஸ் கொதித்துக்கொண்டிருக்கும். மரக்கரண்டி பாத்திரத்தின் அடியில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கர்ர், கர்ர், கர்ர்.

ஆகஸ்டில் ஒர்னெல்லா என் கையைக் கிள்ளினாள். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்க மைக்கை அணைத்துவிட்டு, "கேளு. கரண்டி நின்னுடுச்சு" என்றாள். கொஞ்ச நேரத்தில் ஆல்டோ மூன்று ராஜாவைக் காட்டினான்.

அடுத்த ஞாயிறும் பார்த்தோம். சாதாரணச் சீட்டென்றால் கரண்டி ஓடும். பெரிய சீட்டென்றால் நிற்கும்.

"பாவி, கிண்டிக்கிட்டே ஆடுறான். நல்ல சீட்டு வந்தா கை தானா நின்னுடுது" என்றாள். நாலு வருடம் மீன் தின்றதற்கு ஈடாக அந்தச் சத்தம் கிடைத்ததுபோல் இருந்தது அவளுக்கு.

நவம்பர் வந்தது. மொத்தக் குடும்பமும் அவரவர் வீட்டுத் திரை முன் உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல் முதல் ஆளாக வெளியேறி, மிளகாய் வதக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பாதிப் பேர் போயிருந்தார்கள். ஒர்னெல்லா கவிழ்த்துக்கொண்டே இருந்தாள். நீனோவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒர்னெல்லா, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப உன் வீட்டுல வேற யாரோ ஆடுறாங்க. எலியோ, அவ பக்கத்துல யாரு?"

"பேசாம உன் சீட்டைப் பாரு நீனோ. மஞ்ச விளக்குல வேகம் கூட்டுறே."

சற்று நேரத்தில் நீனோவின் காயும் அவளிடம் வந்தது. கடைசியில் வழக்கம்போல் அக்காவும் தம்பியும். காய் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமம். வெளியேறியவர்கள் யாரும் அழைப்பை விட்டுப் போகவில்லை. கரண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கை வந்தது. அவளிடம் ராஜாவும் பத்தும். மேசையிலும் ஒரு ராஜா, ஒரு பத்து. இரண்டு பெரிய ஜோடி. அவள் கட்டினாள், ஆல்டோ பின்தொடர்ந்தான். மறுபடி கட்டினாள், மறுபடி பின்தொடர்ந்தான். கடைசிச் சீட்டு விழுந்தது. ஹார்ட்டின். அதோடு மேசையில் ஹார்ட்டின் மூன்றாகிவிட்டது. ஆல்டோ கையில் இரண்டு ஹார்ட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே இனம். இவளுடைய இரண்டு ஜோடி அதன் முன் நிற்காது. அவள் அளவாகக் கட்டினாள். ஆல்டோ, அதுவரை பின்னாலேயே வந்தவன், தன் காய் மொத்தத்தையும் நடுவில் தள்ளினான்.

கரண்டி நிற்கவில்லை. கர்ர், கர்ர், கர்ர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கரண்டிக் கணக்குப்படி அவன் கையில் ஒன்றுமில்லை. கட்டினால் ஜெயம், கிறிஸ்துமஸ் நம் வீட்டில். திரையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

"என்னக்கா, பாக்க வேணாமா?" என்றான் ஆல்டோ. அவன் 'அக்கா' என்று அழைப்பது கடன் கேட்கும்போதும் சீட்டாடும்போதும் மட்டும்தான். "வா. நீ வருவே. எனக்குத் தெரியும். அஞ்சு வருஷமா உன்னைத் தெரியாதா?"

அவள் உதடு அசைந்தது. தனக்குள் பேசிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது.

"இவ்ளோ நேரம் பின்னாடியே வந்த வண்டி. இப்ப ஹார்ன் கூட அடிக்காம முந்துது. இப்படி வர்றவனுக்கு வழி விடணும். சத்தத்தைக் கேக்காதே. ரோட்டைப் பாரு."

விரல் மேலே போனது. இறங்கியது. கவிழ்த்துவிட்டாள்.

நீனோ சத்தமாக, "கடவுளே" என்றான்.

"கவுத்துட்டியா?" என்றான் ஆல்டோ. குரலே மாறிவிட்டது. "நீயா?"

"நான்தான். என்னடா வச்சிருந்தே?"

"கட்டியிருந்தா பாத்திருக்கலாம்."

"ஆல்டோ! சொல்லுடா!"

அதற்குள் பின்னாலிருந்து அவன் மனைவி மிரெல்லாவின் குரல். "இந்தச் சாஸ் இன்னும் எவ்வளவு நேரம் கிண்டணும்? என் கை போச்சு."

ஒர்னெல்லா நாற்காலியில் நிமிர்ந்தாள். "மிரெல்லா, நீயா கிண்டுறே?"

"பின்ன யாரு? உன் தம்பியா? என்னைக்கு அவன் கரண்டியைத் தொட்டிருக்கான்?"

"எப்பவும் நீதானா?"

"எப்பவும் நான்தான். நல்ல சீட்டு வந்தா 'ஏய், வந்து பாரு, வந்து பாரு'ன்னு சத்தமில்லாம கையாட்டுவான். கரண்டியைப் போட்டுட்டு ஓடணும். இன்னைக்கு நான் போகல. காலையில என் சாஸைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டான். என்ன வேணா வச்சுக்கட்டும்னு திரும்பிக்கூடப் பாக்கல."

ஒர்னெல்லா மெல்ல மைக்கை அணைத்தாள். நாலு மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது தம்பியின் கையை அல்ல, மிரெல்லாவின் கையை. ஆகவே ஆல்டோவிடம் அன்று மிகப் பெரிய சீட்டு இருந்திருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். கரண்டி இரண்டுக்கும் சாட்சி சொல்லவில்லை. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நடந்தது சாதாரணமானது. மூன்றில் ஒரு பங்குக் காயோடு அவள் காத்திருந்தாள். ஆல்டோ தலைகால் புரியாமல் எல்லாக் கையிலும் மொத்தத்தையும் தள்ள ஆரம்பித்தான். அவளுக்கு எட்டு ஜோடி வந்தது. கட்டினாள். அவன் கையில் ஏஸும் ஆறும். மேசையில் விழுந்த ஐந்து சீட்டில் எதுவும் அவனுக்கு உதவவில்லை. காய் இந்தப் பக்கம் சாய்ந்தது. சற்று நேரத்தில் மிச்சமும் வந்து சேர்ந்தது.

"அதிர்ஷ்டம்! சுத்த அதிர்ஷ்டம்!" என்று கத்தினான் ஆல்டோ.

"ஆமாடா. அது வந்தப்ப என் கையில காய் மிச்சம் இருந்துச்சு. அவ்வளவுதான். பெரிய பாத்திரத்தைக் கழுவிக் கொண்டாந்து குடு."

மிரெல்லா பின்னாலிருந்து கைதட்டினாள். நாலு வருடம் இருபது பேர் தட்டைக் கழுவியவள் அவள்தான்.

ஆனால் ஒர்னெல்லாவுக்குத் தூக்கம் போய்விட்டது. ராஜா-பத்துக்கு எதிரே என்ன இருந்தது? காலையில் பல் துலக்கும்போது, "ஹார்ட்டின்தான். கண்டிப்பா ஹார்ட்டின்" என்பாள். சாப்பிடும்போது, "பூச்சாண்டிதான். அக்கான்னு கூப்பிட்டானே" என்பாள். தினமும் தம்பிக்கு ஃபோன். தினமும் அவன், "எந்தக் கை? ஞாபகம் இல்லையே" என்பான். ஒருநாள் அவன் பேரம் பேசினான்.

"சொல்றேன். மீன் ராத்திரியை என் வீட்டுக்குத் திருப்பிக் குடு."

"போடா."

"சரி. உன் வீட்டுலயே இருக்கட்டும். பக்கலா மட்டும் நான் பண்றேன்."

ஃபோனை வைத்துவிட்டு அவள் நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்தாள். ஒரு வருட உழைப்பு. கிறிஸ்துமஸை மீட்டதே அந்தக் காய்ந்த மீனிடமிருந்துதான்.

"எலியோ, என்ன பண்ணட்டும்?"

"என்னைக் கேக்காதே. நாலு ராணியைக் கவுக்கச் சொன்னவன் நான்."

மாலையில் ஆல்டோவை அழைத்தாள். "பக்கலா நீ பண்ணு. ஆனா என் அடுப்புல. நான் அணைக்கச் சொன்னா அணைக்கணும்."

அப்படித்தான் நடந்தது. எங்கள் கீழ்த்தளச் சமையலறையில் தம்பி மீனைப் போட, அக்கா கையைக் கட்டிக்கொண்டு, தேர்வு எடுப்பவள்போல் பக்கத்தில் நின்றாள். "போதும், அணை" என்றாள். "இன்னும் வேகல!" என்றான். "அணைடா!" அணைத்தான். மீன் வெண்ணெயாக இருந்தது. நீனோ இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். நாய்க்கென்று எதையும் சுற்றிக்கொள்ளவில்லை.

சாப்பாடு முடிந்ததும் ஆல்டோ அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். இரண்டே வார்த்தை இருக்கும். அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனை விளாசினாள். சிரிப்பு தாங்காமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி? என்ன வச்சிருந்தான்?"

"நான் விலை குடுத்து வாங்கினேன். நீயும் குடு. ஜனவரி முழுக்க என் வண்டி மேல இருக்கற பனியையும் சேத்து வாரு. சொல்றேன்."

ஏற்கெனவே என் வண்டிப் பனியையே நான் சரியாக வாருவதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஜனவரி யோசனையிலேயே கழிந்தது.

மே மாதம் ஒர்னெல்லா போய்விட்டாள். தோட்டத்தில் தக்காளி நாற்று வைத்துக்கொண்டிருந்தவள் உள்ளே வந்து, கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்றாள். இதயம். அதைப் பற்றி இங்கே நிறைய எழுத எனக்கு விருப்பமில்லை. அடக்கத்துக்கு ஊரே வந்தது. வந்த கார்கள் எல்லாம் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் ஒரே சீராக, ஒரே இடைவெளியில் நிறுத்தப்பட்டிருந்தன.

போன வாரம் ஆல்டோவும் மிரெல்லாவும் ஒரு பாட்டில் சாஸோடு வந்தார்கள். இந்த வருடம் நவம்பர் ஆட்டம் வேண்டாம் என்று குடும்பத்தில் பேசி முடித்திருந்தார்கள். ஆட்டம் இல்லையென்றால் மீன் ராத்திரி போன வருடம் ஜெயித்தவர் வீட்டில்தான், அதாவது இங்கே. ஆல்டோ தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"எலியோ, நீ தனி ஆள். இத்தனை பேருக்குச் சமைச்சு, கழுவி... எங்க வீட்டுக்கு மாத்திக்கலாமே."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். நான் சாஸ் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவன் தயக்கம் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. பழைய ஆல்டோ வெளியே வந்தான்.

"மாத்திக்கிட்டா, அந்தக் கையில என்ன இருந்துச்சுன்னு உனக்குச் சொல்றேன்."

மிரெல்லா அவன் முழங்கையில் ஒரு அடி வைத்தாள். "வெக்கமா இல்ல?"

எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை இல்லாமலில்லை. அவளுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் போனது இந்த வீட்டில் இப்போது அது ஒன்றுதான். அவள் எதற்கு அப்படிச் சிரித்தாள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஹார்ட்டின் இருந்ததாக வைத்துக்கொண்டால் ஒரு சிரிப்பு கேட்கிறது. வெறுங்கையாக இருந்ததாக வைத்துக்கொண்டால் வேறு சிரிப்பு. இரண்டும் அவளுடையதுதான்.

"ராத்திரி இங்கதான் ஆல்டோ," என்றேன். "அவ ஜெயிச்சு வாங்கினது."

"அப்ப உனக்குத் தெரிய வேணாமா?"

"வேணும். ஆனா இந்த விலைக்கு வேணாம்."

"நல்லதாப் போச்சு" என்றாள் மிரெல்லா. "என் வீட்டுல எவன் கழுவுறது? எலியோ, மடக்கு நாற்காலி எத்தனை இருக்கு உன்கிட்ட? பத்தலன்னா நாங்க கொண்டு வரோம்."

"பக்கலா?" என்றான் ஆல்டோ, சின்னக் குரலில்.

"நீதான் பண்றே. எப்ப அணைக்கணும்னு நான் சொல்லுவேன்."

"உனக்கு என்ன தெரியும் மீனைப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது. சீக்கிரமே சொல்லிடுவேன்."

மிரெல்லா மேசைக்கு எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். ஆல்டோ கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனான். கதவுப் பிடியில் கை வைத்தவன் திரும்பினான்.

"ரெண்டுல ஒரு சீட்டு மட்டும் சொல்லட்டுமா? சும்மா. காசில்லாம."

"போய் வண்டிய எடுடா" என்றேன். "பின்னாடி பாத்து எடு."